இருவருக்கு ஏழு தட்டு

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் முத்தரசு இருபத்தாறு வருடமாகப் பாய்லர் பார்க்கிறார். நெல் அவிக்க நீராவி வேண்டும். நீராவிக்கு ஓயாத நெருப்பு வேண்டும். உமியை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கண் வைத்திருப்பதுதான் வேலை. அவர் சாப்பிடுவதும் அதே மாதிரிதான் என்பாள் அவர் மனைவி ஈஸ்வரி. எதை வைத்தாலும் குனிந்த தலை நிமிராமல் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். முப்பது வருடத்தில் ஒரு குழம்பைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் 'நல்லாருக்கு' என்ற ஒரு வார்த்தை. உப்பு போட மறந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

ஈஸ்வரி அதற்கு நேர் எதிர். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி ஆளாக எழுந்திருப்பவள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சாம்பாரில் பெருங்காயம் கூடிப்போனதையும், பாயசத்துக்குப் பால் முன்னாடியே ஊற்றிவிட்டார்கள் என்பதையும் பேசிக்கொண்டே வருவாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு முத்தரசு உம் கொட்டுவார். பிள்ளையார்பட்டிக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வெளியே மோதகக்காரரிடம் நின்று பேசுவாள். தின்பதில் இப்படி ஓர் ஆசையா என்று அவர் மனசுக்குள் சிரித்துக்கொள்வாரே தவிர, வெளியே சொன்னதில்லை.

போன வருடம் தை மாதம், ஒரு நாள் மத்தியானம், சோற்றை விழுங்கியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அடைக்கிறது என்றாள். தண்ணீர் குடித்ததும் இறங்கிவிட்டது. உள்ளூர் டாக்டர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார். மாசியில் தோசை இறங்கவில்லை. பங்குனியில் குழைந்த சோறும் இறங்கவில்லை. கஞ்சியை மடக்கு மடக்காகக் குடித்தாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் கட்டி, அதுவும் முற்றிவிட்டது என்றார்கள். கரண்ட் வைத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, உடம்பு பாதியாகி, ஆனி மாதம் எச்சில்கூட இறங்காமல் போனபோது, வயிற்றில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். முத்தரசுவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தீபாவளி தாண்டினால் பெரிது என்று டாக்டர் சொன்னார். முத்தரசு சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ஈஸ்வரியிடம், மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்கிறார் என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு முத்தரசு காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். அவர் இல்லாத நேரம் அடுத்த தெருவிலிருந்து அவருடைய அக்கா அக்கம்மாள் வந்து பார்த்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வடிகட்டிய கஞ்சியையோ பாலையோ குழாயில் விட வேண்டும். பெரிய ஊசிக் குழலைக் குழாயின் வாயில் செருகித் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால், கஞ்சி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கண்ணாடிக் குழாயைப் பார்த்துப் பழகிய கண். முத்தரசு ஒரு சொட்டுச் சிந்தாமல் செய்தார். ஈஸ்வரி தன் வயிற்றைப் பார்க்க மாட்டாள். கூரை இறவாணத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள், துர்காதேவி. சிங்கப்பூரில் புருசன் அருள்பாண்டியோடு இருக்கிறாள். இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்து, மூன்றாவதாக இப்போது உண்டாகியிருந்தாள். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். கட்டி என்று தெரிந்த அன்றைக்கே, மதுரையிலிருந்து வரும் பஸ்ஸிலேயே ஈஸ்வரி முடிவு செய்துவிட்டாள்.

"புள்ள பொறக்குற வரைக்கும் அவ காதுக்குப் போகக் கூடாது. தெரிஞ்சா தையலாவது கியலாவதுன்னு கெளம்பி வந்துருவா. அப்புறம் அதுவும் போச்சு, இதுவும் போச்சு."

மருமகனுக்கு மட்டும் சொன்னார்கள். அவரும் அதுதான் சரி என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பொய். போனில் கேமரா உடைந்துவிட்டது, அதனால் முகம் காட்ட முடியாது. குரல் கம்மியிருப்பது தூசி ஒவ்வாமல். பேறுகாலத்துக்கு வர பாஸ்போர்ட் போட்டிருக்கிறோம், போலீஸ் விசாரணைக்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொன்றையும் ஈஸ்வரியே யோசித்துச் சொன்னாள். முத்தரசு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆவணி பிறந்து பத்து நாளில் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. முப்பதாவது. மகள் மூன்று நாள் முன்னதாகக் கூப்பிட்டாள். கானாடுகாத்தானில் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே இரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு பதிவு செய்துவிட்டாளாம். வீட்டு வாசலுக்கே கார் வரும். என்ன வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம், ஏழு வகை, ஒன்று முடிந்ததும் ஒன்றாக அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள். அம்மாவுக்காகவே தேடிப் பிடித்ததாகச் சொன்னாள். ஓட்டல்காரர்களே படம் எடுத்துக் கொடுப்பார்கள், கேமரா உடைந்த சாக்கெல்லாம் செல்லாது என்று சொல்லிச் சிரித்தாள்.

மில்லில் லீவு இல்லை என்று சொல்லிவிடலாம் என்றார் முத்தரசு. ஈஸ்வரி துண்டில் எச்சிலைத் துப்பிவிட்டு, போவோம் என்றாள். போகாவிட்டால் ஏன் எதற்கு என்று மகள் துருவுவாள் என்றாள். அது பாதிக் காரணம்தான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த வீட்டு வாசலை எட்டி எட்டிப் பார்த்தவள் ஈஸ்வரி.

"வாசமாவது புடிச்சுட்டு வருவமே," என்றாள்.

அன்றைக்குக் காலையில் அக்கம்மாள் வந்து உடுத்திவிட்டாள். ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, எலும்பு தெரியாமலிருக்க உள்ளே ஒரு பழைய சேலையைச் சுற்றி, அதன் மேல் பட்டுச் சேலையைக் கட்டினாள். தலைக்குச் சவுரி. முகத்துக்குப் பவுடர். குழாயைச் சுருட்டி வயிற்றோடு ஒட்டியாயிற்று. பதினொரு மணிக்கு முத்தரசு கஞ்சி விட்டார். கார் வந்தது.

ஓட்டலில் அவர்களை முற்றத்தை ஒட்டிய பெரிய கூடத்தில் உட்கார வைத்தார்கள். தூண் ஒவ்வொன்றும் கட்டிப்பிடிக்க முடியாத கனம். மற்ற மேசைகளில் வெள்ளைக்காரர்கள் நான்கைந்து பேர், பெங்களூர்க் குடும்பம் ஒன்று. பரிமாற வந்தவர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை. பேர் காசிவிஸ்வநாதன் என்று சட்டைப் பட்டையில் எழுதியிருந்தது. அவர் கும்பிட்டு, உங்கள் மகள் காலையில் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார், அம்மாவுக்கு எல்லாம் ஒரு கை கூடுதலாக வைக்கச் சொன்னார், சாப்பாடு முடிந்ததும் அம்மா எதை விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டுமாம் என்றார்.

முத்தரசு ஈஸ்வரியைப் பார்த்தார். அவள் காசிவிஸ்வநாதனைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள்.

முதலில் வந்தது சின்னக் கண்ணாடித் தம்ளரில் நண்டு ரசம். காசிவிஸ்வநாதன் அங்குட்டு நகர்ந்ததும், ஈஸ்வரி தன் தம்ளரை எடுத்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மேசையின் மேல் மெதுவாகத் தள்ளினாள்.

"இதையும் குடிங்க. மிச்சம் வச்சா அந்த மனுசன் அப்புடியே அவகிட்டச் சொல்லிருவாரு."

முத்தரசு இரண்டையும் குடித்தார்.

"எப்புடி இருக்கு?"

"நல்லாருக்கு."

"அது வாசத்துலயே தெரியுது. நல்லாருக்குன்னா எப்புடி? புளிப்பு முன்னாடி வருதா, ஒறப்பு முன்னாடி வருதா?"

இப்படி ஒரு கேள்வியை அவர் வாழ்நாளில் யோசித்ததில்லை. வாயில் மிச்சமிருந்ததை நாக்கால் துழாவினார். மேசை விரிப்பைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லும் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"மொதல்ல புளிக்குது. பெறகு ஒரு இனிப்பு... நண்டோட இனிப்பு. மெளகு கடைசியிலதான். தொண்டையில எறங்கையில சுடுது."

தொண்டை என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்து, அந்த ரசத்தைத் தானே குடித்துப் பார்ப்பவள் மாதிரி வாயைச் சப்புக்கொட்டினாள்.

வாழைப்பூ வடை வந்தது. இரண்டு தட்டையும் தின்றார். ஓரம் மொறுமொறு என்றும், நடுவில் ஈரம் என்றும், சோம்பு கடிபடுகிறது என்றும் சொன்னார். துவர்ப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். பூவை மோரில் போடாமல் அரிந்திருக்கிறார்கள் என்றாள் அவள், ஒரு வெற்றியோடு. ஆட்டு உப்புக்கறி வந்தபோது, கல்லில் போட்டு இழுத்த மாதிரி நாக்கு எரிகிறது என்றார். ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. முப்பது வருடத்துக்குச் சேர்த்து இன்றைக்கே பேசுகிறீர்கள் என்றாள். ஆனி மாதத்திலிருந்து அவள் சிரித்து முத்தரசு பார்க்கவில்லை. இன்னும் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அடுத்த தட்டு எப்போது வரும் என்று அடுப்படிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நாலாவதாக வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வந்தன. அப்போதுதான் காசிவிஸ்வநாதன் தன் போனில் படம் எடுத்தார். அம்மா கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இருந்தால் மகளுக்குச் சந்தோசமாக இருக்கும் என்றார். ஈஸ்வரி ஒரு பணியாரத்தைப் பிட்டு உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துச் சிரித்தாள். இரண்டு படம், மூன்று படம். அவர் போனதும் அந்தத் துண்டை முத்தரசுவின் தட்டில் வைத்தாள்.

காசிவிஸ்வநாதன் இலேசான ஆள் இல்லை. ஐந்தாவதாகச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைக்க வந்தபோது, அவள் விரல்களைப் பார்த்தார். ஒரு பருக்கைகூட ஒட்டாத விரல்கள். மடியிலிருந்த துண்டைப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்து, ஒரு மூடி போட்ட சின்னக் கிண்ணமும் நாலைந்து துணிக் கைக்குட்டையும் அவள் பக்கம் வைத்துவிட்டு, பக்கத்து மேசைக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு மறைப்பை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் தட்டில் பெயருக்குக் கொஞ்சம்தான் வைத்தார். ஆனாலும் முத்தரசுவுக்கு வயிறு கல்லாகிவிட்டது. கோழியையும், ஆறாவதாக வந்த, அரிசி களைந்த தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டியையும் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத் தின்றார்.

கடைசியாகக் கவுனி அரிசி. கறுத்த அரிசியை வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிளறி, சூடாக, ஆளுக்கொரு வெள்ளிக் கிண்ணத்தில். அந்த வாசம் மேசையைச் சுற்றி நின்றது. ஈஸ்வரி கரண்டியை எடுத்தாள்.

வேண்டாம் என்றார் முத்தரசு. வாய் வழியாக எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். விழுங்க மாட்டேன் என்றாள் அவள். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவேன், ஒரே ஒரு கரண்டி, அதற்குக்கூடவா என்று கேட்டாள். அவர் மூடி போட்ட அந்தச் சின்னக் கிண்ணத்தைத் திறந்து வைத்தார். இத்தனை மாதமாக அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அந்த ஒரு கரண்டிதான்.

கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். வாயை மூடினாள். முத்தரசு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் ஒரு பக்கமாகப் போய், எதையோ தேடுகிற மாதிரி நின்றது. கொஞ்ச நேரம் ஆனது. இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. சின்னக் கிண்ணத்தை எடுத்துத் துப்பினாள். மறுபடி ஒரு கரண்டி, இந்தத் தடவை நிறைய, எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாக்கால் அண்ணத்தில் வைத்துத் தேய்த்தாள். அதில் ஏதோ உள்ளே போயிருக்க வேண்டும். இருமல் வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இருமினாள். சவுரி நழுவியது. முத்தரசு எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். காசிவிஸ்வநாதன் ஓடி வந்து கிண்ணத்தை வாயருகே பிடித்தார். வெள்ளைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கறுப்புப் பருக்கைகளும் சளியுமாக எல்லாம் வெளியே வந்து இருமல் அடங்க ஐந்து நிமிசம் ஆகிவிட்டது.

காசிவிஸ்வநாதன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் சொன்னாள்.

"ருசியே தெரியலங்க. மண்ணு மாதிரி இருக்கு."

தொண்டைதான் போய்விட்டது, நாக்கு மிச்சம் இருக்கிறது என்று அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மருந்து அதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. முத்தரசு தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றார். அவர் இதுவரை தின்றதிலேயே நல்ல பண்டம் அதுதான். வெல்லம் மாதிரி இனிப்பு இல்லை. மெல்ல மெல்லத்தான் வந்தது. தேங்காய் அதைத் தாங்கிப் பிடித்தது. அதைச் சொல்வதற்கு அவரிடம் வார்த்தை இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்ல ஈஸ்வரி. சர்க்கரை போட மறந்துட்டாங்க போல. சப்புன்னு கெடக்கு," என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய் சொல்லாதீக."

முத்தரசு இரண்டு கிண்ணத்தையும் காலி செய்தார். வாசல்வரை வந்து காசிவிஸ்வநாதன் கார்க் கதவைத் திறந்துவிட்டார். அம்மா எல்லாவற்றையும் ரசித்துச் சாப்பிட்டார்கள், கவுனி அரிசிதான் ரொம்பப் பிடித்தது, அப்படியே உங்கள் மகளிடம் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். ஈஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பாதி வழியில், ஒரு கண்மாய்க் கரையில் காரை நிறுத்தச் சொல்லி முத்தரசு இறங்கினார். கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வாந்தி எடுத்தார். ஈஸ்வரி தட்டுத்தடுமாறி இறங்கி வந்து அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். அவள் கையில் கனமே இல்லை. தரையைப் பார்த்து, அம்புட்டும் போச்சே என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். படங்களைப் பார்த்துவிட்டு, அம்மா இளைத்துப்போய்விட்டாள் என்றாள். சர்க்கரைக்காக நடக்கிறேன் என்றாள் ஈஸ்வரி. பிறகு கரகரத்த குரலில், ரசத்தில் புளிப்பு முதலில் வந்ததையும், மிளகு கடைசியில் சுட்டதையும், வடையில் சோம்பு கடிபட்டதையும் ஒவ்வொன்றாக விவரித்தாள். முத்தரசு சொன்ன வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. மகள் கேட்டுக்கேட்டுச் சந்தோசப்பட்டாள். மகள் போனை வைத்த பிறகு ஈஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஈஸ்வரி போய்விட்டாள். மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். அம்மாவுக்குத் தொண்டையில் புண், பேசக் கூடாது என்று சொல்லச் சொன்னார் மருமகன். இருபத்திரண்டு நாள் அப்படியே ஓட்டினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தலை மொட்டையோடு முத்தரசு போனில், அம்மா தூங்குகிறாள் என்று சொன்னார். கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. மூன்றாம் நாள் அருள்பாண்டி துர்காதேவியிடம் விசயத்தைச் சொன்னார். அவள் அன்றைக்கும் மறுநாளும் முத்தரசுவைக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை.

பங்குனியில் கைக்குழந்தையோடு வந்தாள். ஒரு மாதம் இருப்பதாகச் சொல்லித்தான் வந்தாள். வந்த இரண்டாம் நாள் அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாள் தாளாகப் புரட்டினாள். குழாய் போட்ட தேதியையும் போனிலிருந்த படத்தின் தேதியையும் பார்த்தாள். முத்தரசு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அம்மா என்னப்பா சாப்பிட்டுச்சு?"

"ஒண்ணும் சாப்பிடலை ஆத்தா. நான்தான் சாப்பிட்டேன்."

"ரெண்டு பேரு சாப்பாட்டையுமா?"

"ஆமா."

அவள் குழந்தையை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். அழுது கத்தியிருந்தால் முத்தரசுவுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

"பச்சத்தண்ணி எறங்காத மனுசிக்கு விருந்து வச்சிருக்கேன் நான். எல்லாரும் சேர்ந்து வைக்க விட்டீக. ஆறு மாசம் எங்கம்மா உசுரோட இருந்திருக்கு, அதுகிட்ட ஒரு உண்மையான பேச்சு என்னையப் பேச விடலையேப்பா."

நீ இருந்த நிலைமைக்கு என்று ஆரம்பித்தார் முத்தரசு. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அன்றைக்கு உன் அம்மா சிரித்தாள் என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. உப்புக்கறி வந்தபோது தோள் குலுங்கச் சிரித்தாள், முப்பது வருடத்தில் அப்படி ஒரு மத்தியானம் எங்களுக்கு வாய்த்ததில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அந்தக் கவுனி அரிசியையும் சொல்ல வேண்டும். அவர் மடியில் கிடந்த குழந்தையின் துணியை எடுத்து மடித்தார். துர்காதேவி ஃபைலை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். காரில் ஏறும்போது அக்கம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முத்தரசுவிடம் வாரேன் என்று மட்டும் சொன்னாள்.

முத்தரசு திரும்பப் பழைய ஷிப்டுக்கே போகிறார். ஆள் வராத நாளில் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கிறார். வீட்டில் சமைப்பதில்லை; அக்கம்மாள் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மகள் அக்கம்மாளுடைய போனில்தான் கூப்பிடுகிறாள். அக்கம்மாள் போனை எடுத்துக்கொண்டு வந்து, குழந்தை தெரிகிற மாதிரி தம்பிக்குக் காட்டுவாள். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. படத்துக்கு வெளியேயிருந்து, அப்பா சாப்பிட்டாரா அத்தை என்று மகள் கேட்பது அவருக்கும் கேட்கும். அவர் தலையாட்டுவார். சாப்பிட்டாராம் என்று அக்கம்மாள் சொல்வாள்.